ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, பழைய கணினி வைத்திருப்பவர்கள் சீக்கிரம் புதிது வாங்கிக்கொள்வது நல்லது என்ற தொனியில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் பாதி சரி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், ப்ராசஸரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவை தேறாது. ஆனால் தேறாத கணினியெல்லாம் கெட்டுப்போன கணினி என்பது போல எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கணினித் துறைக்காரன் இல்லை. வங்கியில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் எனக்குப் பொழுதுபோக்கு (வீட்டில் இதற்கு வேறு பெயர் உண்டு). எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது, 4 ஜிபி ராம், பட்டனை அமுக்கிவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டினேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு லேசான பதிப்பு உண்டு, அதை பென் டிரைவில் ஏற்றி, முதலில் இன்ஸ்டால் பண்ணாமலேயே ஓட்டிப் பார்த்தேன். இப்படிப் பார்க்க முடியும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பிடிக்கவில்லையா, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் பண்ணினால் உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை உடனே வந்தது, பிரின்டரும் வந்தது, ஸ்கேனர் மட்டும் ஒரு நாள் முழுக்கத் தண்ணி காட்டியது. தமிழ்99 விசைப்பலகையும் அமைப்புகளுக்குள் போய்ச் சேர்த்தால் போதும். 1999-இல் நம்ம சென்னை மாநாட்டில் முடிவான அமைப்பு அது. 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டு, முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும்.

இதுவரை பெருமை. மறுநாள் காலை சங்கச் செயலாளர் போன் பண்ணினார். "சார், மினிட்ஸ் ஃபைல் எல்லாம் வைரஸ் பிடிச்ச மாதிரி இருக்கு, என்ன பண்ணினீங்க?" ஓடிப்போய்ப் பார்த்தால், பன்னிரண்டு வருடத் தீர்மானங்களும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு அப்படித்தான், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவைத்தது, கணினியைப் பொறுத்தவரை அது கடைசிவரை ஜே, கே, பி, ஓ-தான். பாமினியை லினக்ஸிலும் போடலாம், போட்டேன், தெரிந்தது, செயலாளர் முகமும் தெளிந்தது. ஆனால் 'தண்ணீர்த் தொட்டி' என்று, இப்போது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடி அரைப்புள்ளிதான். இந்தத் தொல்லை விண்டோஸிலும் இருந்தது, எழுத்துரு மாட்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓப்பன்-தமிழ் என்று பைதானில் ஒரு திறமூல நிரல் தொகுப்பு இருக்கிறது, அதை வைத்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதிலும் ஒரு வேடிக்கை. நடுவில் ஆங்கிலத்தில் 'லிஃப்ட்' என்று அடித்திருந்தால் அதையும் பாமினி என்று நினைத்து 'டுகைவ' ஆக்கிவிடுகிறது. நிரல் மேல் தப்பில்லை, வெறும் எழுத்தை மட்டும் கொடுத்தால் எது ஆங்கிலம், எது பாமினி என்று அதற்கு எப்படித் தெரியும்? டுகைவ பழுது பார்க்க எவ்வளவு செலவானது என்று நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் லினக்ஸுக்கு மாற முடியாமல் இருப்பதற்கு லினக்ஸைவிட இந்தப் பழைய எழுத்துருக்கள்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2010-இல் செம்மொழி மாநாட்டுச் சமயத்திலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனால் போன மாதம் ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சலில் வந்த விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால், வரவேற்றது அதே அரைப்புள்ளி. 2011-இல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை வைத்துச் செய்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரத்திலேயே அதை அழித்து இடத்தைப் படத்துக்கு ஒதுக்கினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதபோது அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

எல்லாரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டேலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது லினக்ஸில் நேரடியாக ஓடாது, அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். ஆனால் பிரவுசர், கடிதம், யூடியூப், இவ்வளவுதான் வேலை என்கிற வீட்டில் ஓடுகிற கணினியைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். பென் டிரைவில் ஓட்டிப் பார்ப்பது எப்படி என்று படத்தோடு ஒரு அரைப் பக்கம் போடுங்கள். அப்புறம் உங்கள் அலுவலகத்திலேயே இருபது வருடத்துக்கு முந்தைய செய்திகள் எந்த எழுத்துருவில் கிடக்கின்றன, அதில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அதையும் எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.