வெண்கலம் அல்ல, வண்ணம் பூசிய பிளாஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பினச் சிற்பி அகஸ்டா சாவேஜ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்று. அதில் ‘கமேன்’ (தெருச் சிறுவன்) சிற்பத்தின் படத்துக்குக் கீழே மட்டும் ‘வெண்கலச் சிலை’ என்று போட்டுவிட்டீர்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக் காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிறுவன் சுமார் 9 அங்குல உயரமுள்ள பிளாஸ்டர் வார்ப்பு. மேலே வெண்கலம் போல வண்ணம் பூசியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரக் கலைக் காட்சியகத்தில் உள்ள சுமார் 44 செ.மீ. பிரதியும் பிளாஸ்டர்தான்.

இது சின்னத் திருத்தமாகத் தோன்றலாம். ஆனால் 1929 வாக்கில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கைக்கு எது எட்டியது, எது எட்டவில்லை என்பது இதில்தான் தெரிகிறது. வெண்கலம் என்றால் களிமண் உருவத்துக்கு அச்சு, அச்சிலிருந்து மெழுகு, மெழுகைச் சுற்றி மறுபடி அச்சு, உலோகம் உருக்கும் பட்டறை, பிசிறு வெட்டல், நிறமேற்றல் என்று ஒவ்வொரு படிக்கும் கூலி. பிளாஸ்டரில் முதல் அச்சோடு பெரும்பாடு முடிந்துவிடும். பல பிரதி வேண்டுமென்றால் அந்த அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி மறுபடி பூட்டும்படி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பிளாஸ்டர் என்றால் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். இறுகும்போது அது கொஞ்சம் உப்பும். அதனால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய் அழுந்தும். வெண்கலமோ ஆறும்போது சுருங்கும். அந்தப் பையனின் தொப்பி ஒரு பக்கம் சரிந்து கிடப்பதையும், சட்டைக் கழுத்தின் கசங்கலையும் பாருங்கள்.

கலவையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிளாஸ்டர் தூள். தூளைத் தண்ணீரில் தூவ வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, நுரை எழாமல் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழி மூக்கு நுனியிலோ உதட்டிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் முழுதும் போகுமுன் வண்ணம் அடித்தால் ஏடு ஏடாக உரியும். எங்காவது இடித்துப் பெயர்ந்தால் உள்ளே வெள்ளை பல்லிளிக்கும். வெண்கலமா இல்லையா என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது.

இன்னொரு குறை உங்கள் படம். வெள்ளைச் சலவைக்கல் முகத்தில் வடிவைச் சொல்வது நிழல். கருமையான மேற்பரப்பில் அந்த வேலையைச் செய்வது பளபளப்பு: கன்னமேடு, கீழுதடு, இமையின் விளிம்பு இவற்றில் படும் மெல்லிய வெளிச்சக்கோடு. நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் அந்தக் கோடுகள் போய், நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். பக்கவாட்டில் சுமார் 45 பாகையில் விளக்கு வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தாலே போதும். கறுப்பின முகத்தைத் தடித்த உதடும் உருட்டு விழியுமாகக் கேலிச்சித்திரம் ஆக்கிவந்த காலத்தில், எதையும் மிகைப்படுத்தாமல், ஓரக்கண்ணால் உலகை எடைபோடும் ஒரு பையனைச் சாவேஜ் வடித்தார். அவன் உங்கள் இதழின் பக்கத்தில் கரித்துண்டாக வந்திருக்கிறான்.

கறுப்பினத்தவர் என்பதால் 1923-இல் பிரான்சின் ஃபோன்டென்ப்லோ கலைப் பள்ளியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டதை எழுதியிருந்தீர்கள். ‘கமேன்’தான் பிறகு ரோசன்வால்ட் உதவித்தொகை வாங்கித் தந்து அவரைப் பாரிஸுக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்திருக்கலாம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அவர் செய்த ‘யாழ்’ 16 அடி உயரம். படிப்படியாக உயரம் குறைந்துகொண்டே வரும் பாடகர்கள்தான் அதன் நரம்புகள். அதுவும் பிளாஸ்டரே. வெண்கலத்தில் வார்க்கவோ எங்காவது எடுத்து வைக்கவோ பணமில்லாததால் கண்காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்கள். இன்று இருப்பவை புகைப்படங்களும், நினைவுப்பொருளாக விற்ற சிறு உலோகப் பிரதிகளும்தான்.

அடுத்த இதழில் ‘வண்ணம் பூசிய பிளாஸ்டர்’ என்று திருத்தம் போடுங்கள். கூடவே, அச்சிட்ட பக்கத்தில் முகம் தெரிகிற வேறு படம் ஒன்றும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்