இழைக் கொள்கையும் ஓங்காரமும்: கருத்தரங்கு நடத்துவோருக்கு ஒரு மடல்

உயர்தரப் பிள்ளைகளுக்கு இலவசக் கருத்தரங்கு நடத்தும் மலையக இளைஞர் மன்றத்தாருக்கு வணக்கம்.

போன மாதம் ஹட்டன் பக்கம் நடந்த கருத்தரங்கு ஒன்றுக்கு என்னிடம் டியூசன் படிக்கும் பிள்ளை ஒருத்தி போய் வந்தாள். அம்மா கொழுந்தெடுத்த காசில் பஸ் ஏறிப் போனவள். மறுநாள் கொப்பியைக் காட்டினாள். சிவப்புப் பேனையால் கோடு போட்டு, 'இழைக் கொள்கை = ஓம். விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது' என்று எழுதியிருந்தாள். பேச வந்தவர் சொன்னாராம். "பரீட்சையில வந்தா இதை எழுதலாமா சேர்?"

எழுதக் கூடாது. நானும் கோயிலுக்குப் போகிறவன்தான், ஓங்காரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓம் என்பது சத்தம்; சத்தம் பரவக் காற்று, தண்ணீர், கம்பி என ஏதாவது ஒரு ஊடகம் வேண்டும். இந்தக் கொள்கையின் இழையிலிருந்து எந்தச் சத்தமும் வராது. இலத்திரனும், புரோத்தனுக்குள் இருக்கும் குவார்க்கும் புள்ளிகள் அல்ல, நுண்ணிய இழைகள் என்கிறது இழைக் கொள்கை. இழை ஒரு விதமாக அதிர்ந்தால் ஒரு துணிக்கை, வேறு விதமாக அதிர்ந்தால் வேறு துணிக்கை. அடிப்படை இவ்வளவுதான்.

இது பிறந்த கதை அதைவிடச் சுவையானது. 1968இல் வெனிசியானோ என்ற இத்தாலியர், அணுக்கருவின் வன்விசையை விளக்கப் பயன்படும் சூத்திரம் ஒன்றைத் தந்தார். அதிலிருந்து வளர்ந்த கணக்கில் திணிவே இல்லாத துணிக்கை ஒன்று வந்து நின்றது. துரத்தினாலும் போகவில்லை. 1974இல் ஷெர்க், ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள், அதுதான் ஈர்ப்பைக் காவும் துணிக்கை என்றார்கள். வேண்டாத விருந்தாளி வீட்டுக்காரர் ஆன கதை! ஐன்ஸ்டைனின் ஈர்ப்பையும், அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டக் கொள்கையையும் இதில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்ற ஆசை அங்கிருந்துதான் வந்தது. அதற்கு 10 பரிமாணங்கள் வேண்டும். நமக்குத் தெரிந்தது நேரத்தோடு சேர்த்து 4. மிச்சம் 6 கண்ணுக்கெட்டாமல் சுருண்டு கிடக்கலாம் என்கிறார்கள்.

சரி, பரிசோதனை? இதுவரை எதுவும் இதை உறுதி செய்யவில்லை. ஆகவே 'விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது' என்ற அந்த வரியைத்தான் முதலில் வெட்டச் சொன்னேன்.

அடுத்த முறை அந்த ஒரு மணித்தியாலத்தை எனக்குத் தாருங்கள். சுரமானியும் (பெட்டி மேல் கம்பி கட்டிய கருவி), கம்பியை இழுத்துப் பிடிக்கப் படிக்கற்களும் கொண்டு வருகிறேன். கம்பியின் சரி நடுவில் விரலை லேசாக வைத்து மீட்டினால் அதிர்வெண் இரட்டிப்பாகும்; அதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து கேட்கட்டும். அப்புறம் இழைக் கொள்கை பேசலாம். காசு வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும். மழை நாளென்றால் பெட்டியை மூட ஒரு பொலித்தீன் பையும்.

இப்படிக்கு,
தலவாக்கலையில் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கும் ஒருவன்