காரியக்காரர் வீட்டு மன்னர்கள்

கிளாஸ்கோ

அன்புள்ள சபாபதிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்குக் குளிரைக் காரணமாகச் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நேற்று மகள் என்னை அருகிலுள்ள பெய்ஸ்லி மடாலயத்திற்கு அழைத்துச் சென்றாள். கல்லூரியில் ஸ்காட்லாந்தையும் பிறகு இங்கிலாந்தையும் ஆண்ட ஸ்டூவர்ட் மன்னர்களின் ஆண்டுகளை நெட்டுருப் போட்டோமே, அவர்களுடைய குடும்பப்பெயர் ஓர் உத்தியோகத்தின் பெயர் என்று நமக்கு யாரேனும் சொன்னார்களா? இன்றைய பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரெத்தோன் நாட்டில் டோல் என்னும் ஊரின் ஆயர்களிடம் பரம்பரைக் காரியக்காரர்களாக இருந்தவர்கள் இவர்கள். ஆங்கில மன்னர் முதலாம் ஹென்றி காலத்தில் இவர்களில் அலன் என்பவர் இங்கிலாந்துக்கு வந்து ஷ்ராப்ஷயர் என்ற மாவட்டத்தில் நிலம் பெற்றார். அவர் மகன் வால்டர் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட்டிடம் சேர்ந்து, அரண்மனையின் சாப்பாட்டுப் பந்தி முதல் வரவுசெலவு வரை கவனிக்கும் 'ஸ்டீவர்டு' ஆனார். 1163இல் பெய்ஸ்லி மடத்தை நிறுவியவரும் அவரே. அதற்கான துறவிகளைத் தம் பழைய ஷ்ராப்ஷயரிலிருந்தே வரவழைத்தார். பதவி பரம்பரையாகிவிட்டதால், பேரன் காலத்திற்குள் அதுவே குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது.

1315இல் ஆறாவது ஸ்டீவர்டு, ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூசின் மகள் மார்ஜரியை மணந்தார். அவளுடையது என்று சொல்லப்படும் கல்லறைமேல் படுத்த நிலையில் ஒரு பெண்ணின் கற்சிலை இருக்கிறது. அதன் அருகில் வெகுநேரம் நின்றிருந்தேன். பிள்ளை பெற்ற சிறிது காலத்திற்குள் இறந்துபோன அந்தப் பெண் வழியாகத்தான் அரியணை இவர்கள் வீட்டுக்கு வந்தது. 1371இல் அவள் மகன் இரண்டாம் ராபர்ட் முடிசூடினான். மன்னர்களான பிறகும் அவர்கள் காரியக்காரர் என்ற பெயரை விடவில்லை என்பதை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஆனால் பூர்வீகத்தை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை போலும். 1527இல் ஹெக்டர் போயஸ் அச்சிட்ட வரலாற்றில் பாங்க்வோ என்றொரு பிரபு முன்னோராக முளைத்தார். அவர் மகன் வேல்ஸுக்குத் தப்பியோடியதாகவும், அங்கே பிறந்த பேரனே வால்டர் என்றும் கதை பின்னப்பட்டது. போயஸின் பாங்க்வோ, மன்னர் டங்கனைக் கொல்ல மக்பெத்துக்குத் துணைபோனவர்; ஷேக்ஸ்பியரோ தம் 'மக்பெத்' நாடகத்தில் அந்தக் கறையைத் துடைத்து அவரை உத்தமராக்கினார். அப்போது லண்டனில் ஆட்சி செய்தவர் 1603இல் ஸ்காட்லாந்திலிருந்து அங்கு வந்த ஸ்டூவர்ட் மன்னர் என்பதை நினைத்தால், இதில் வியப்பு ஒன்றுமில்லை. வரதனின் மாமா கிளப்பிய வம்சாவளி உனக்கு நினைவு வருகிறதா?

எழுத்துக் கூட்டலிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சில் வளர்ந்த ஸ்காட்லாந்து அரசி மேரி வழியாகவே, நடுவில் 'டபிள்யூ' இல்லாத 'Stuart' என்ற பிரெஞ்சுக் கூட்டல் அரச குடும்பத்தில் நிலைத்தது. அந்த மொழிக்கு அவ்வெழுத்து அந்நியம். இங்கே கடைப் பலகைகளில் 'Stewart' என்ற பழைய கூட்டலும் தாராளமாகத் தென்படுகிறது. பிரபுக்கள் வீடுகளிலும் காரியக்காரர்கள் இருந்ததால், இப்பெயர் கொண்ட எல்லோரும் அரச ரத்தம் என்று கொள்வதற்கில்லை. 1714இல் ஆன் என்ற அரசியோடு ஸ்டூவர்ட்டுகளின் ஆட்சி முடிந்தது; ஆனாலும் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் இன்றுவரை ஸ்காட்லாந்தின் 'மகா ஸ்டீவர்டு' என்ற பட்டத்தைச் சுமக்கிறார்.

இனி உன்னிடம் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். உங்கள் குடும்ப மலருக்கு நீ எழுதும் வரலாற்றில், உன் பாட்டனார் கணக்குப்பிள்ளையாக இருந்ததை முதல் பக்கத்திலேயே எழுது. முன்னோராக நீ சேர்த்திருக்கும் அந்தச் சோழத் தளபதியைத் தயவுசெய்து கிழித்துப் போடு. அச்சுக்குப் போகுமுன் படியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்