செயலாளரின் ஆண்டறிக்கை: உரைகளைக் குறைத்து வரைவுகளைப் படித்த ஆண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது, தீர்மானங்கள் பதிவேட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அதையெல்லாம் வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது ஒன்றுதான். இதயநோய், சர்க்கரை, உடல்பருமன் பற்றிய ஆய்வுக்கு வந்திருக்கும் இளம் விஞ்ஞானிகளில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், துறையில் தங்களைப் போன்ற இன்னொருவரைப் பார்த்தே இராதவர்கள், இவர்களுடைய நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) விண்ணப்பங்களை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம்.

போன ஆண்டு வரை பெரியவர்களைக் கூப்பிட்டு உரை நிகழ்த்த வைத்தோம். கைதட்டல், குழுப் படம், அப்புறம் அவரவர் வேலை. விடாமுயற்சி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போன பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே தேவைக்கு மேலேயே இருந்தது. வரைவை வாங்கிப் படித்து, எங்கே இடிக்கிறது என்று சொல்ல ஆள்தான் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒருவர் தன் ஆய்வு நோக்கங்களைச் சொல்லும் பக்கத்தைக் கொண்டுவந்தார் (மதிப்பீட்டாளர்களில் பலர் கவனமாகப் படிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான்). உலகில் அதிக உயிர்களைப் பறிப்பது இதயநோய் என்பதிலேயே முதல் பத்தி போய்விட்டது. "இதைப் படிக்கப்போகிறவர் இதய மருத்துவர், அவருக்கே இதைச் சொல்ல வேண்டுமா?" என்று வழிகாட்டி அதை அப்படியே அடித்தார். விஷயம் மூன்றாம் பத்தியில் ஒளிந்திருந்தது: இரவுப் பணி பார்க்கும் பெண்களுக்கு நள்ளிரவுச் சாப்பாடு சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது? அவருடைய அம்மா பல ஆண்டு இரவுப் பணி பார்த்தவராம். அந்தக் கேள்வி மேலே ஏறியது. அடுத்து, முதல் நோக்கம் பலித்தால்தான் இரண்டாவதைத் தொடங்கவே முடியும் என்கிற மாதிரி எழுதியிருந்தார். முதலாவது கவிழ்ந்தால் எல்லாமே கவிழும், அதனால் இரண்டையும் தனித்தனியாக நிற்கும்படி பிரித்தோம். ஹெச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தது இன்னொரு சிக்கல். அது இரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, நள்ளிரவு ஏற்றத்தைக் காட்டாது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எண் கூடுதலாகவும் காட்டக்கூடும், அவர் சேர்க்கப்போவதோ பெண்களை. தொடர்ச்சியாகக் குளுக்கோஸை அளக்கும் கருவி அப்படித்தான் திட்டத்துக்குள் வந்தது.

"எடுபடுகிற தலைப்பாக மாற்றிக்கொள்ளச் சொல்லலாமே" என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பது என் கருத்து, குழுவும் ஒப்புக்கொண்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நல்கைகளைப் பற்றி 2011இல் வந்த ஆய்வில், படிப்பு, பயிற்சி, கட்டுரைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு நல்கை கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. இந்த இடைவெளியின் ஒரு பகுதி அவர்கள் எடுத்த தலைப்புகளால் வந்தது, சமூக அளவிலான ஆய்வுகளுக்கு நிதி குறைவாகக் கிடைத்தது என்று 2019இல் இன்னோர் ஆய்வு சொன்னது. தலைப்பை மாற்றினால் நிதி கிடைக்கலாம், ஆனால் அந்தக் கேள்வியை வேறு யார் கேட்பார்கள்? கேள்வி அவர்களுடையதாகவே இருக்கட்டும், முறையை நாம் சேர்ந்து கூர்மையாக்குவோம்.

வழக்கமாக விடுபடுகிற மக்களைப் பற்றிக் கேட்பதில் அறிவியலுக்கும் லாபம் உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் இதய ஆய்வில் கறுப்பின மக்களைத் திட்டமிட்டே கூடுதலாகச் சேர்த்தார்கள். ஜோனதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழுவினர் அவர்களில் சிலரிடம் பிசிஎஸ்கே9 மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்களை 2005இல் கண்டார்கள்; அவர்களுக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் வெகுவாகக் குறைந்திருந்தது. வேறொரு தொடர் ஆய்வின் தரவைக் கொண்டு 2006இல் பார்த்தபோது, இந்த மாற்றங்கள் உள்ள கறுப்பின மக்களுக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் அனுமதி பெற்றன.

பயணப்படி பற்றியும் சொல்லியாக வேண்டும். சொந்தக் காசில் மாநாட்டுக்குப் போய்வந்து ரசீது கொடு, பிறகு தருகிறோம் என்பது பல நிறுவனங்களின் வழக்கம். சேமிப்பு இல்லாதவர் போகவே மாட்டார், ஆர்வமில்லை என்று பெயரும் வாங்குவார். நாம் இந்த ஆண்டு முன்பணமாகவே கொடுத்தோம். திரும்பி வராத பணம் என்று எதுவும் இல்லை, பொருளாளரின் கவலை வீண்.

சரி, குறை என்று பார்த்தால், வழிகாட்டிகள் களைத்துவிட்டார்கள். அதிலும் பின்தங்கிய பின்னணியிலிருந்து மேலே வந்த ஒரு சிலர் தலையிலேயே எல்லாப் பிள்ளைகளும் வந்து விழுகிறார்கள், அவர்களுடைய சொந்த ஆய்வு நிற்கிறது. ஆகவே வரும் ஆண்டு ஒவ்வொரு இளம் விஞ்ஞானிக்கும் இரண்டு வழிகாட்டிகள்: ஒருவர் துறைக்குள், மற்றவர் அந்த விஞ்ஞானியின் ஆய்வகத்துக்கு வெளியே. பரிந்துரைக் கடிதம் தரவேண்டிய பேராசிரியரிடமே போய், கட்டுரையில் ஆசிரியர் பெயர் வரிசையில் என்னைப் பின்னால் தள்ளிவிட்டீர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டாமவர் அதற்குத்தான்.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். வழிகாட்டியாக இருக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். மாதம் ஒரு வரைவையாவது முழுதாகப் படிக்க முடியும் என்றால் மட்டும்.