ஸ்ட்ராப்பை இறக்கியது நான்தான்

டேய்,

நீ விட்டுவிட்டுப் போன பேஸ் கிட்டாரை விற்கப்போவதில்லை. நாளை அனுப்பிவிடுகிறேன், தோளில் மாட்டும் ஸ்ட்ராப்போடு. அதைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிடும் என்பதால் முந்திக்கொள்கிறேன். அன்றைக்கு அதை இறக்கியது நான்தான். நீ மேடைப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் குனிந்து ட்யூன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

தோலில் பக்கிள் உட்கார்ந்திருந்த பழைய கோடு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. பக்கிள் அதற்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது.

எனக்கு, செக்ஸ் பிஸ்டல்ஸில் பேஸ் வாசித்த சிட் விஷஸ் மாதிரி, பேஸ் தொடைக்குக் கீழே தொங்க வேண்டும். நீயோ நெஞ்சுக்கு மேலே ஏற்றி, பேஸின் கழுத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் உடலின் மேல்கொம்பில் தாடையை வைத்துக்கொள்வாய், குழந்தையைத் தூங்கவைப்பவன் போல. கேட்டால், "பில் வைமன் இப்படிப் பிடிச்சே ரோலிங் ஸ்டோன்ஸ்ல 30 வருஷம் நின்னாரு" என்பாய். அவருக்கு முன்னால் பாடகர் மிக் ஜாகர் ஓடிக்கொண்டிருந்தார். உனக்கு முன்னால் நான்தானே இருந்தேன்!

நியூ ஆர்டரின் பேஸ்காரர் பீட்டர் ஹூக் தாழ்த்தி வாசிக்கவில்லையா என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் மெட்டு வாசிப்பவர். உன் வேலை கழுத்தின் கோடியில், முதல் ஃப்ரெட் பக்கம். 34 அங்குலத் தந்தி நீளத்தில் அந்த ஒரு கட்டமே கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். பேஸ் கீழே போனால் மணிக்கட்டு மடங்கித்தான் ஆக வேண்டும். அது எனக்குத் தெரியாது. சரி, தெரியும்.

மூன்றாவது பாட்டு, நீ தனியாகத் தொடங்குவது. முதல் சுரம் வரவில்லை. நீ என்னைப் பார்க்கவில்லை. வலது காலை மேடையில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கர் மேல் தூக்கி வைத்தாய், தொடையில் பேஸை நிறுத்தினாய், தாடையைக் கொம்பில் பதித்துக் கண்ணை மூடினாய். எலும்பு வழியாகத்தான் உனக்குச் சுருதி கேட்கும் என்று அப்போதுதான் உறைத்தது. கூட்டம் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கத்தியது.

அந்தப் புகைப்படம்தான் போஸ்டர் ஆனது. இன்றைக்கும் அதைத்தான் எனக்கே அனுப்புகிறார்கள். அதில் நான் ஒரு முழங்கை. அத்தனை பாட்டையும் எழுதியவன் முழங்கை! ஒருமுறையாவது "இது வலியில் நின்றது, ஸ்டைல் இல்லை" என்று நீ யாரிடமாவது சொன்னாயா?

அப்புறம் நீ ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதமாட்டேன். நம் ட்ரம்மர் இதைப் படிப்பான்.

பக்கிளைப் பழைய கோட்டுக்கே ஏற்றி அனுப்பலாம் என்று எடுத்தேன். அப்படியே வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் ஒருமுறை தொட்டதே போதும்.