காதில் தமிழ் கேட்க இன்னும் ரூ.2,53,500 வேண்டும்

அன்பிற்குரிய பெரியவர்களே, தாய்மார்களே, கடல் கடந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளே, வணக்கம்.

இறையருளாலும் உங்கள் ஈகையாலும் நான்கு ஆண்டுகளாக நடந்துவரும் பன்னாட்டு உறவுப் பொது உரையாடல் வரும் ஜனவரியில் ஐந்தாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. பல்கலைக்கழக அரங்கில், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மொத்தம் ஆறு அமர்வுகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப்பக்கத்தார், இந்தப்பக்கத்தார் என்ற பேதமும் கிடையாது.

ஆறு அமர்வுக்கும் சேர்த்துத் தேவை ரூ.6,42,000. கையில் இருப்பது ரூ.3,88,500. குறைவது ரூ.2,53,500. ஆறு அமர்வுச் செலவில் ரூ.2,13,000, ஆங்கிலப் பேச்சை அப்போதைக்கப்போது ஹெட்செட்டில் தமிழில் தரும் உடனடி மொழிபெயர்ப்புக்கு மட்டும். கருவி வாடகைக்குத் தருபவர் ஆறு அமர்வுக்கும் ஒரே ஒப்பந்தம் என்பதால் விலையைக் குறைத்திருக்கிறார். டிசம்பர் 15-க்குள் கையெழுத்தும் பாதி முன்பணமும் கேட்கிறார். பணம் சேராமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று குழு முடிவெடுத்திருக்கிறது. தேதி தவறினால் கருவிகள் திருவனந்தபுரத்து மாநாடுகளுக்குப் போய்விடும். அப்புறம் அரங்கில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வெளியுறவு டில்லிக்காரர் விஷயம் என்று சொல்பவர்கள் நம் கரையில் இருக்க முடியாது. 2012 பிப்ரவரி 15 அன்று இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் இறந்த மீனவர் இருவரில் ஒருவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர். சம்பவம் கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைலில் நடந்தது. 12 கடல் மைல் வரைதான் கடலில் நாட்டின் முழு இறையாண்மை. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மீன், கனிமம் போன்ற வளங்களின் மீதான உரிமை. வழக்கு ஒன்பதாண்டு இழுத்ததற்கு இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம். இந்திய நீதிமன்றத்தில் விசாரிக்கப்படாதிருக்கும் விலக்குரிமை வீரர்களுக்கு உண்டு, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020-இல் ஹேக்கில் நடுவர் தீர்ப்பாயம் சொன்னது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பிறகு 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது. அதே 2020-இல் ஈரானில் சிக்கியிருந்த நம் மீனவர்கள் உட்பட 687 பேரை பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. மேட்டுப்பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெளிநாட்டு ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதமா, கிலோவுக்கு 30 ரூபாயா, எது குறைவோ அது என்ற ஒரு விதியில்தான் அவர்கள் பால்வெட்டுக் கூலி கட்டுபடியாகுமா என்பது தொங்குகிறது.

இந்த மண்ணுக்கு அயல்நாட்டு உறவு புதிதல்ல. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வீழ்த்தியது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லன்னாய் பிறகு அதே மன்னருக்குப் படை பயிற்றுவித்தார்; 1753-இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்கள் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். உதயகிரிக் கோட்டையில் டி லன்னாயின் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள்: லத்தீனும் தமிழும் அங்கே ஒரே கல்லில் இருக்கின்றன. நம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் கண்டறிந்தவர் ஒரு ஜெர்மானியர். எல்லை என்றால் என்ன என்பதை நம் பெரியவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தமிழகத்தோடு இணையக் கோரி 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடி பட்டு, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு உலக விவகாரம் தமிழில் காதில் விழ வேண்டும் என்று கேட்பது அதிகமான ஆசையா?

மொழிபெயர்ப்புக்கு ஏன் இவ்வளவு பணம் என்று பலர் கேட்கிறார்கள். முதல் ஆண்டு, பேச்சாளர் பேசி நிறுத்தியதும் ஒருவர் தமிழில் சொன்னார். 20 நிமிடப் பேச்சு 45 நிமிடமாக நீண்டது. கேள்வி நேரம் போயே போய்விட்டது. அடுத்த ஆண்டு மேடையோரம் உட்கார்ந்து மைக்கில் மெதுவாகப் பேசவைத்தோம். முன்வரிசைக்கு இரண்டு குரலும் மோதின. ஆகவே ஒலி வெளியே வராத அறைக்கூண்டு தேவை. ஒரே ஆள் 20, 30 நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார், பிறகு எண்கள் தவறும், பெயர்கள் மாறும். அதனால் எப்போதும் இருவர். பேச்சாளரின் குறிப்பு மூன்று நாள் முன்பே அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ‘இறையாண்மை’க்கும் ‘வள உரிமை’க்கும் வேறுபாடு மறைந்து, கேட்பவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார். அகச்சிவப்புக் கருவி மலிவுதான், ஆனால் நம் அரங்கின் மேற்கு ஜன்னலில் மாலை வெயில் நேராக விழுவதால் அதில் ஒலி அறுந்தது. ரேடியோ அலையில் இயங்கும் ஹெட்செட் எடுப்பது அதனால்தான். மலையாளத்துக்கும் ஒரு சானல் வேண்டும் என்று கேரளப் பக்கத்துப் பாறசாலை அன்பர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை, இவ்வாண்டு இயலவில்லை.

ஒரு அமர்வின் கணக்கு இது. மொழிபெயர்ப்பாளர் இருவருக்கு ரூ.16,000. ஹெட்செட் 150, ஒன்று ரூ.90 வீதம் ரூ.13,500. கூண்டு ரூ.6,000. பேச்சாளர் இருவரின் பயணம் ரூ.32,000, விருந்தினர் விடுதி ரூ.3,000. ஒலியமைப்பு ரூ.9,000. ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, காவல் ரூ.4,500. ஒளிப்பதிவு ரூ.12,000. எட்டுப் பக்கக் குறிப்பேடு 200 பிரதி ரூ.5,000. தேநீரும் கடலையும் 200 பேருக்கு ரூ.6,000. ஆக ரூ.1,07,000. பேச்சாளர்களுக்குச் சன்மானம் இல்லை. பணியில் இருக்கும் அதிகாரிகள் அனுமதி வாங்கித்தான் பேச முடியும், பேசினாலும் அளந்துதான் பேசுவார்கள். ஆகவே ஓய்வுபெற்ற தூதர்களையும் கடல்சட்டம் படித்த வழக்கறிஞர்களையும் அழைக்கிறோம். ஆளுக்கு 20 நிமிடம், தங்களுக்குள் 20 நிமிடம், சபையின் கேள்விகளுக்கு 45 நிமிடம். கேள்விகள் சீட்டில் எழுதித் தரப்பட வேண்டும். மைக்கைக் கையில் கொடுத்தால் கேள்வி சொற்பொழிவாகிவிடுகிறது.

இதுவரை கைகொடுத்தவர்களை நினைக்காமல் மேலே எழுத முடியாது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுக்காரர்கள் ஒவ்வொரு ஆண்டும் முதல் ஆளாக நின்றார்கள். படகு சும்மா கிடந்த மாதத்திலும் தந்தார்கள். குலசேகரம் ரப்பர் வணிகர்கள் ஒலியமைப்பை இரண்டு ஆண்டு ஏற்றார்கள். மார்த்தாண்டம் தேன் வியாபாரிகள் தேநீர்ச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். முந்திரி ஆலைகளில் பருப்பு உடைக்கும் சகோதரிகள் ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்து ஒரு துணிப்பையில் கொண்டுவந்து தந்தார்கள். அந்தப் பையில் இருந்தது ரூ.3,140. குவைத்திலும் மஸ்கட்டிலும் இருக்கும் செவிலியர் பிள்ளைகள் சம்பள நாளன்று அனுப்பினார்கள். உங்கள் எல்லோர் குடும்பத்துக்கும் ஆண்டவன் குறைவில்லாமல் தரட்டும்.

இனிச் சொல்வதைப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். ஊர்க்கோயில் கொடைக்கு வரி, பங்குத் திருவிழாவுக்குக் குடும்ப வரி, பள்ளிவாசலுக்குச் சந்தா, எதையும் நாம் பாக்கி வைப்பதில்லை. சென்ற ஆண்டு சபையில் எழுந்து கைதட்டலோடு அறிவித்த தொகைகளில் ரூ.62,000 இன்னும் வந்து சேரவில்லை. யார் என்று எழுதவில்லை. தந்தவர்களும் தராதவர்களும் அறிவார்கள். பருப்பு உடைக்கும் கைகள் தந்த பிறகு நாம் எதைச் சொல்லித் தப்பிக்க முடியும்? அந்தப் பாக்கி வந்தாலே குறையில் நான்கில் ஒரு பங்கு தீரும்.

ரூ.90 தந்தால் ஒருவருக்கு ஒரு மாலை ஹெட்செட். ரூ.540 தந்தால் ஆறு மாலையும். ரூ.35,500 தருபவர் ஓர் அமர்வின் மொழிபெயர்ப்பு முழுவதையும் ஏற்கிறார். அவர் விரும்பும் பெயர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் தங்கள் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் அயல்நாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது. எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. தயவுசெய்து உறவினர் பெயரில் சுற்றி அனுப்ப வேண்டாம். வருமான வரியில் நன்கொடைக்கான 80ஜி விலக்கும் கிடைக்காது.

டிசம்பர் 14 வரை சனி, ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை பல்கலைக்கழக நூலக வாசலில் குழுவினர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்கள். எண் இட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தராதீர்கள். சென்ற ஆண்டு வரவு செலவு அதே மேசையில் இருக்கும், வாங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பன்னாட்டு உறவுப் பொது உரையாடல் நிதிக்குழு