பச்சைப் புள்ளி இருந்தால் கோஷர் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த யூதர் உணவுக் கட்டுரை, 'ரபீ ஜெபித்துக் கொடுக்கும் சைவ உணவே கோஷர்' என்கிறது. இரண்டும் தவறு. கோஷர் என்றால் யூத மத விதிப்படி உண்ணத் தகுந்தது. யூத மதகுருவான ரபீ வருவது ஜெபிக்க அல்ல, அடுப்பையும் பாத்திரத்தையும் சரக்கையும் சோதிக்க. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழி எல்லாம் கோஷரில் உண்டு.

விலங்குகளின் பட்டியல் யூதரின் வேதத்தில் லேவியராகமம் 11-ம் அதிகாரத்திலேயே இருக்கிறது. குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். பன்றிக்கு இரண்டாவது இல்லை, ஒட்டகத்துக்கு முதலாவது இல்லை. மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும். அப்படிப் பார்த்தால் தூத்துக்குடியில் கரையேறும் இறால், நண்டு, கணவாய் மொத்தமும் கழிந்துபோகும். சாளையும் விளைமீனும் நிற்கும். சுறாவின் சொரசொரப்பும் செதில்தானே என்று கேட்பவர்கள் உண்டு. தோல் கிழியாமல் பெயர்ந்து வருவதுதான் இங்கே செதில். சுறாவைச் சுரண்டினால் தோலோடுதான் வரும். இதனால்தான் தோலுரித்த துண்டு மீனை அவர்கள் பொதுவாக வாங்குவதில்லை.

கறியில் இரத்தம் கூடாது. பல் விழாத கத்தியால் அறுத்து, நுரையீரலைச் சோதித்த பிறகு, கறியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எல்லாப் பக்கமும் உப்புத் தூவி, சரிந்த பலகையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, மூன்று முறை அலசுவார்கள். உப்பில்தான் சூட்சுமம். நம் உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே போட்டால் உருண்டு விழுந்துவிடும், தூளுப்பு இரத்தத்தை இழுக்கும் முன்பே கரைந்துவிடும். ஒன்றிரண்டாக நுணுக்கியதே சரி. வடிய வழியில்லாத சட்டியில் உப்பிட்டால், இறங்கிய இரத்தத்திலேயே கறி கிடக்கும். அந்தக் கறி உதவாது. ஈரலுக்கு உப்பு மட்டும் போதாது, கீறி நெருப்பில் சுட வேண்டும்.

அடுத்தது பாலும் கறியும் சேராத விதி. குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்று வேதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அதனால் பாத்திரம் தனி, கரண்டி தனி. கறி சாப்பிட்டால் பால் தொட ஆறு மணி நேரம் பொறுப்பது பெரும்பாலோர் வழக்கம். ஜெர்மானிய யூதர்களுக்கு மூன்று, டச்சு யூதர்களுக்கு ஒன்று. நம் ஊர்ப் பண்டங்களை இதில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அல்வாவில் கோதுமைப்பால் பால் கணக்கில் வராது, நெய் வந்துவிடும். ஆக மதியம் பிரியாணி சாப்பிட்டவருக்குச் சாயங்காலம் அல்வா கிடையாது. மறுவீட்டுச் சொதியில் ஊற்றும் தேங்காய்ப்பாலோ இரண்டிலும் சேராத 'பரேவ்' வகை. அதில் கறியே போட்டு வேகவைக்கலாம். பார்ப்பவர் தப்பாக நினைக்கக் கூடாதென்று, பாதாம்பாலில் கறி சமைத்தால் பக்கத்தில் நாலு பாதாம்பருப்பை வைக்கச் சொல்லும் பழைய விதியும் உண்டு.

ஏற்றுமதி செய்வோர் ஏமாறும் இடம், சைவம் என்று உறையில் காட்டும் பச்சைப் புள்ளி. பால் கலந்த பண்டத்துக்கும் அதே புள்ளிதான். அதே கொதிகலனின் நீராவியில் வேறு என்ன வெந்தது என்பதையும் அது சொல்லாது. கீரையில் ஒட்டிய பூச்சியும் விலக்குதான், முருங்கை இலையை உலர்த்தும் முன்பே அலசி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நுண்ணோக்கி வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதே கணக்கு. விலக்கானது வெந்த இரும்பு, எவர்சில்வர் பாத்திரங்களை 24 மணி நேரம் சும்மா போட்டு, பிறகு கொதிநீரில் முக்கி எடுத்தால் தேறலாம். நேரடி நெருப்பில் காய்ந்தவற்றை நெருப்பிலேயே பழுக்கக் காய்ச்ச வேண்டும். மண்சட்டிக்கு இந்த வழி இல்லை. அதில் ஊறியது வெளியேறாது; பலியின் கறி வெந்த மண்சட்டியை உடைக்கச் சொல்கிறது லேவியராகமம் 6-ம் அதிகாரம்.

அடுத்த ஞாயிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

உணவுப் பதனிடும் தொழிலில் உள்ள சிலர்,
பாளையங்கோட்டை